மேரியா தெரேசா மகாராணியும் மகளின் இல்வாழ்வும்

நம் சங்கத்தின் சென்ற மாதக் கூட்டம் முடிந்து யாவரும் எழுந்து செல்லுங்கால், அகவையினும் அனுபவத்தினும் என்னின் மூத்த அன்பரொருவர் என்னைத் தனியே நிறுத்தி ஒரு வினா வினவினார். அவர் பெயரையும் ஊரையும் ஈண்டுக் குறித்தல் முறையன்று. தம் மகளை மூன்றாண்டுகளுக்கு முன்னர் நல்ல குடும்பமெனத் தேர்ந்து மணஞ்செய்து கொடுத்தவர் அவர். மகளோ கல்வி நிரம்பியவள். முப்பதை அணுகிய அகவையினள். தொலைபேசியிற் பேசும்பொழுதெல்லாம் “நன்றாக இருக்கிறேன், அப்பா” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் அவள் சொல்லுகின்றிலளாம். “வாத்தியாரையா, வாய் நன்றாக இருக்கிறேன் என்கிறது, குரல் அப்படிச் சொல்லவில்லை. நான் போய்க் கேட்கலாமா, கேட்கக் கூடாதா? கேட்டால் அவள் வாழ்க்கையில் தலையிட்டவன் ஆவேன், கேளாவிட்டால் பெற்ற கடனில் தவறியவன் ஆவேன்” என்றார்.

யான் உடனே விடை கூறினேன் அல்லேன். சிறிதுபொழுது கழித்து அவரே குரலைத் தாழ்த்தி, மருமகன் வீட்டில் பாத்திரந் துலக்கும் அம்மாளிடம் தாம் மாதந்தோறும் பேசி வருவதாகவும், அவ்வம்மாள் வாயிலாக அறிந்த செய்திகளாலேயே தமக்கு உறக்கம் ஒழிந்ததென்றும் உரைத்தார். அச்சொல் என் செவியில் விழுந்தமாத்திரத்தே, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாக் கண்டத்தில் ஒரு பேரரசி தம் மகளின் இல்வாழ்வைக் குறித்துப் பட்ட கவலையும், அக்கவலை சென்ற வழியும் என் நினைவிற்கு வந்தன. அன்பருக்கு அன்று வாயினாற் கூறியது சிறிது. அதனையே நம் பத்திரிகையன்பர் யாவரும் அறியும்பொருட்டு இங்கே விரித்தெழுதலாயினேன்.

ஆஸ்திரியா தேசத்து மேரியா தெரேசா மகாராணி 1717-ஆம் ஆண்டிற் பிறந்தவர். தந்தை இறந்தபின் 1740-இல், இருபத்து மூன்றாம் அகவையில் அரசேற்றார். ஏறிய சின்னாட்களிலேயே பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கு அவரது சைலீஷிய நாட்டைக் கவர்ந்துகொண்டார். அதுமுதல் எட்டாண்டுப் போர். பெண்ணொருத்தி என்றெண்ணிப் பகைவர் நாற்புறமும் சூழ்ந்தகாலை, மகப்பேறும் மந்திராலோசனையும் மாறிமாறி வர, அவர் தம் அரசைக் காத்துக்கொண்ட திறம் தனியே எழுதத்தக்கது. ஈண்டு நமக்கு வேண்டியது அவரது குடும்பச் செய்தியே.

லொரேன் நாட்டுப் பிரான்சிஸ் ஸ்டீபனை அவர் இளமை தொட்டே விரும்பி 1736-இல் மணந்தார். அரசகுலத்தில் அங்ஙனம் உள்ளம் விரும்பியவரையே மணத்தல் அக்காலத்து அரிது. பதினாறு மக்கள் பிறந்தனர்; அவருட் பெண்மக்கள் பதினொருவர். 1765-ஆம் ஆண்டில், மகன் லியோபோல்டின் திருமணக் கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே இன்ஸ்புருக்கு நகரிற் கணவர் திடீரென உயிர்நீத்தார். அன்று உடுத்த துக்க ஆடையை மகாராணி தம் இறுதிநாள்வரை களைந்திலர்.

இங்ஙனம் விரும்பி மணந்து இல்வாழ்வின் இனிமையறிந்த தாய், தம் மக்களுக்கும் அவ்வுரிமையை அளித்திருப்பார் என்று நாம் எதிர்பார்த்தல் இயல்பு. நடந்தது வேறு. சைலீஷியாவை மீட்கவேண்டிப் பரம்பரைப் பகையாகிய பிரெஞ்சு தேசத்தோடு 1756-இல் அவர் உடன்படிக்கை செய்துகொண்டார். அவ்வுடன்படிக்கையை இறுக்கும் கயிறுகளாகத் தம் மக்களின் திருமணங்களைப் பயன்படுத்தினார். பிரெஞ்சு அரசகுலமாகிய பூர்போன் குலத்தார் ஸ்பெயினிலும் நேப்பிள்ஸிலும் பார்மாவிலும் ஆண்டிருந்தனர். அவ்விடங்களுக்கெல்லாம் வியன்னாவிலிருந்து சம்பந்தம் சென்றது. நேப்பிள்ஸ் மன்னருக்கென்று நிச்சயித்த மகள் ஜோசபா 1767-இல் வைசூரியால் இறந்தாள். மறு ஆண்டே அவள் தங்கை கரோலினா, பதினைந்து அகவையினள், அவ்விடத்திற்கு அனுப்பப்பட்டாள். அமேலியா என்னும் மகள் வேறொரு சிற்றரசரை விரும்பினாள். தாய் இசைந்திலர், தன்னின் ஐந்தாண்டு இளையவனாகிய பார்மாக் கோமகனுக்கு 1769-இல் மணஞ்செய்விக்கப்பட்டாள். அம்மகள் அதனைத் தாய்க்கு மன்னித்தாளில்லை. வியன்னாவிலிருந்து வந்த அறிவுரை ஒவ்வொன்றையும் தள்ளினாள். தாயும் மகளும் முறிந்தே போயினர். விரும்பியவரை மணக்கும் பேறு பெற்றவள் மேரி கிறிஸ்தீனா ஒருத்தியே. அவள் தாய்க்குச் செல்லமகள். 1766-இற் சாக்சனி இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தாள். ஒருத்திக்கு இசைந்ததும் மற்றையோர்க்கு மறுத்ததும் உடன்பிறந்தாரிடைப் புகைச்சலை விளைத்தது இயல்பேயன்றோ! நம் இல்லங்களிலும் இது நடவாததன்று.

இனி நம் கதைக்கு உரியவள் பதினைந்தாம் மகவாகிய மேரி அந்துவானெத். 1755-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் பிறந்தாள். பிரெஞ்சு அரியணைக்குரிய இளவரசர் லூயிக்கு அவள் வாழ்க்கைப்பட்டு, 1770-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் வியன்னாவினின்றும் புறப்பட்டாள். மே 16-ஆம் நாள் வெர்சேல் அரண்மனையில் திருமணம் நிறைவேறிற்று. மணமகளுக்கு அகவை பதினான்கு, மணமகனுக்குப் பதினைந்து. புறப்பட்ட அன்று தாயைக் கண்டதே கடைசி. அதன்பின் பத்தாண்டு தாய் உயிரோடிருந்தும் இருவரும் ஒருவரையொருவர் மீண்டும் கண்டாரில்லை.

புறப்படும் மகள் கையில் தாய் ஓர் அறிவுரைத் தாளைக் கொடுத்தார். மாதத்திற்கொருமுறை அதனைப் படித்தல்வேண்டும் என்பது கட்டளை. அதனோடு நில்லாது, மாதந்தோறும் வியன்னாவிலிருந்து தூதன் புறப்பட்டுப் பாரிஸ் சேர்ந்து, மகளின் விடையை வாங்கிக்கொண்டு மீள ஏற்பாடாயிற்று. அத்திருமுகங்களிற் பேசப்படாத பொருளில்லை. நாளும் என்ன நூல் படித்தாய்? பல் விளக்குகின்றாயா? இடைக்கச்சை அணிகின்றாயா? குதிரையேற்றம் கூடாது, கருவுக்குக் கேடு. கையெழுத்து ஏன் கோணுகின்றது? தாளில் ஏன் மைக்கறை? 1775-இல் மகள் தலையில் இரண்டு முழ உயரத்திற்கு இறகு சூடுகின்றாள் என்று கேள்வியுற்று அதனையும் கடிந்தெழுதினார். மறு ஆண்டு வயிரக் கைவளை வாங்கியதற்கும் ஒரு திருமுகம் வந்தது. பெற்றவள் எழுதும் கடிதம் எந்நாட்டிலும் இத்தன்மையதே என்று படிக்கும் நமக்குச் சிறுநகை தோன்றும்.

ஆயின் அக்கடிதங்களுக்கடியில் ஒரு பெருங்கவலை ஓடிக்கொண்டிருந்தது. திருமணம் முடிந்தும், கணவனும் மனைவியுமாக அவ்விருவரும் இல்லறந் தொடங்கவில்லை. ஒரு மாதமன்று, ஓராண்டன்று, ஏழாண்டு. இதனை விரித்துரைத்தல் இப்பத்திரிகைக்கு ஏலாது, படிப்போர் குறிப்பாலுணர்க. மகவு பிறவாத இளவரசியை அரண்மனையார் ஒருநாள் திருப்பியனுப்பவுங் கூடும் என்பது தாயின் அச்சம். அவர் மகளுக்கு எழுதியது யாது? பொறுமையாயிரு, கணவனிடம் இன்னும் அன்பு காட்டு, இன்சொற் கூறு, அவன் துணையை விட்டகலாதே என்பதே. அஃதாவது குறை மகளிடத்தது போலவே அவ்வறிவுரைகள் அமைந்தன. மகளோ தான் செய்யக்கூடியதைச் செய்தும் பயன்காணாளாய், நாணத்தோடு விடை எழுதி, பின்னர் நடனத்திலும் நாடகத்திலும் சூதாட்டத்திலும் இரவுகளைக் கழிக்கத் தொடங்கினாள். வெறுமையாகிய அறைக்குத் திரும்ப மனமில்லாதார் விளக்கெரியும் கூடத்திலேயே பொழுதுபோக்குவர். தாய் அவ்விளக்குகளைக் கடிந்தார்.

இனி, யான் அன்பர் சொல்லைக் கேட்டு நினைந்த செய்தி வருகின்றது. மெர்சி அர்ஜாந்தோ என்பவர் பாரிசில் ஆஸ்திரியாவின் ஸ்தானாபதி. மகளுக்குத் தந்தைபோல் நின்று வழிகாட்டவேண்டுமென்று மகாராணி அவரைக் கேட்டுக்கொண்டார். அவரும் அங்ஙனமே நடந்தார்; மகளும் அவரை முழுதும் நம்பினாள். ஆனால் அவர் வியன்னாவிற்கு எழுதிய கடிதங்கள் இருவகைய. ஒருவகை மந்திரிமாரும் மகன் ஜோசப்பும் காணத்தக்கவை. மற்றொருவகை, ‘தங்களுக்கு மட்டும்’ என்று இலத்தீனிற் குறியிடப்பெற்று, தாய் ஒருவர் கண்ணுக்கே உரியவை. இளவரசியின் பணியாட்களுள் ஒருத்தியையும் ஏவலர் இருவரையும் தம்வயமாக்கி வைத்திருப்பதாக மெர்சி தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். இளவரசியின் பழைய ஆசிரியரும், அவளுக்கு நூல் படித்துக்காட்டுபவருமாகிய வெர்மோன் என்னும் பாதிரியார் வேறு தாம் கண்டதை அவருக்கு உரைத்துவந்தார். எத்துணைப் பொழுது படித்தாள், யாரோடு பேசினாள், எந்நேரம் உறங்கச் சென்றாள் என்பனவெல்லாம் மாதந்தவறாது வியன்னா சேர்ந்தன.

மகளுக்கு வியப்பு. ‘அன்னையார்க்கு எல்லாம் எங்ஙனம் தெரிகின்றது?’ செய்தித்தாள்களிற் கண்டதாகவும் ஊரார் பேசக் கேட்டதாகவும் தாய் எழுதுவார். ஆதலின் மகள் கணவனின் அத்தைமாரை ஐயுற்றாள்; அரண்மனையிலுள்ள பகைவரை ஐயுற்றாள்; தன் கடிதத்தை யாரேனும் திறந்து பார்க்கின்றனரோ என்றஞ்சி, தூதன் புறப்படும் தறுவாயில் அவசரமாக எழுதினாள். தாளில் மைக்கறை வீழ்ந்தது அதனாலேயே. தாய் அதற்கும் கடிந்தார்! மெர்சி ஒருவரை மட்டும் அவள் ஐயுற்றதாகத் தெரியவில்லை.

இதன் விளைவு யாதெனின், அன்னையாரிடத்து அன்புண்டு, ஆயினும் தொலைவிலிருந்தும் அச்சமாகவே யிருக்கின்றது, எழுதும்பொழுதும் மனம் இயல்பாக இருப்பதில்லை என்று மகள் அந்த மெர்சியிடமே சொல்லிவிட்டாள். அதனையும் மெர்சி வியன்னாவிற்கு எழுதினார். தாய் அதனைப் படித்தார். படித்தும் முறையை மாற்றினாரில்லை. இவ்விடத்தை யான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தன் மகள் தன்னை அஞ்சுகின்றாள் என்னும் செய்தியையே ஒற்றன் வாயிலாக அறியவேண்டிய நிலையினும் ஒரு தாய்க்கு வருத்தந் தருவது வேறொன்றுண்டோ! ஆயினும் அறிந்ததை வெளிக்காட்டவும் அவருக்கு வழியில்லை. காட்டினால் மெர்சி வெளிப்படுவார். மறைவாக அறிந்தவர், அறிந்ததனாலேயே வாய் கட்டுண்டவர் ஆகின்றார்.

கவலையோடு வேறொன்றும் கலந்திருந்ததென்பதை நாம் மறைத்தல் நேர்மையன்று. முதிய மன்னர் பதினைந்தாம் லூயியின் காமக்கிழத்தியாகிய தூபாரி என்பவளோடு பேசுவதில்லை என்று இளமகள் உறுதிகொண்டிருந்தாள். ஒழுக்கமே பெரிதெனச் சிறுவயதிலிருந்து கற்பித்தவர் தாயே. ஆயின் போலந்து நாட்டை மூன்று அரசுகள் பங்கிட்டுக்கொள்ளும் சூழ்ச்சி நடந்தகாலம் அது, வியன்னாவுக்குப் பங்குண்டு, பிரெஞ்சு மன்னர் முகங்கோணாதிருத்தல் வேண்டும். எனவே தாயும் மெர்சியும் மகளை நெருக்கினர். 1772-ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளன்று, அரண்மனையில் இன்று கூட்டம் மிகுதி என்னும் பொருள்பட ஒருசில சொற்களை மகள் அவள் செவியில் விழப் பேசினாள். பெரியோர் வேண்டியது கிடைத்தது. அதன்பின் அவளோடு ஒரு சொல்லும் இல்லையென்று மகள் மெர்சியிடம் உறுதியாகக் கூறிவிட்டாள். அவ்வாண்டிலேயே போலந்து பங்கிடப்பட்டது.

மகளின் நலத்தை நாடுவதாகச் சொல்லும் பெற்றோர் நெஞ்சில், மகளின் நலம் எவ்வளவு, நம் குடும்பத்தின் பெயர் எவ்வளவு, சம்பந்தியோடு நாம் நடத்தும் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பின் சிலபொழுது தராசு நாணும். யானும் இரு பெண்மக்களைப் பெற்றவன்; பிறரைமட்டும் குறித்து இதனைச் சொன்னேனல்லேன்.

1774-இல் முதிய மன்னர் இறக்க, லூயி அரசரானார். மேரி அந்துவானெத் பதினெட்டாம் அகவையில் இராணியானாள். மறு ஆண்டு, ரோசன்பர்க்கு என்னும் ஆஸ்திரியப் பிரபுவுக்கு விளையாட்டாக எழுதிய கடிதமொன்றில் கணவரைப் பற்றி ‘அந்தப் பாவம் மனிதர்’ என்னுந் தன்மையிற் குறித்துவிட்டாள். நண்பருக்கெழுதிய அக்கடிதம் தாயின் கைக்குச் சென்றது. தாய் நடுங்கிப்போனார். தன் மகள் இம்மொழி பேசுகின்றாளே, இது பெருங்கேட்டில் முடியுமே என்று கடுமையாக எழுதினார். தமையன் ஜோசப்பும் சினந்தெழுதினார். அவர்கள் அச்சம் பொய்யன்று. பின்னாள் வரலாற்றை அறிந்த நமக்கு, அத்தாயின் முன்னறிவு வியப்பையே தரும். சூதாட்டத்தைக் குறித்தும், வீண்செலவைக் குறித்தும், தகாத நட்பைக் குறித்தும் அவர் எழுதியவற்றுள் தவறென்று தள்ளத்தக்கது ஒன்றில்லை. மொழி சரியே. அது வந்த வழியை நோக்கியே மகள் செவி அடைத்துக்கொண்டாள்.

அங்ஙனமாயின் ஒன்றும் பேசாதிருத்தலே நலமோ எனின், நம் தமிழ்நாட்டுக் காப்பியமொன்றை நினைந்து பார்ப்போம். கோவலன் மாதவியின் மனையிலே தங்கிவிட்ட காலத்து, அவனுடைய தாய்தந்தையர் கண்ணகியைக் காண வந்தனர். மகன் இல்லாத வீட்டைக் கண்டு எழுந்த வெறுப்பை அவள்முன் காட்டாது அடக்கிக்கொண்டு, அருள்மொழி கூறி அவளைப் பாராட்டினர். அவளும் தன் நோயை மறைத்து நகைத்தாள். அந்நகை உள்ளத்திலிருந்து வந்ததன்று என்பதை அவர்கள் உணர்ந்தனர், உள்ளம் வருந்தினர். எல்லாவற்றையும் கண்ணகியே பின்னர்க் கோவலனுக்கு மதுரையில் எடுத்துரைக்கின்றாள். அவர்கள் மகனை அழைத்துக் கடிந்ததாக இளங்கோவடிகள் யாண்டும் பாடவில்லை. மாசாத்துவானும் மாநாய்கனும் புகாரிற் பெருங்குடி வணிகர். ஒரு சொல் கூற இயலாதவரல்லர். கொலைச்செய்தி எட்டியபின் மாசாத்துவான் பொருளையெல்லாம் தானஞ்செய்து புத்த சமயத் துறவு பூண்டார். மாநாய்கன் ஆசீவகர் பள்ளி புகுந்தார். இருவர் மனைவியரும் துயராலிறந்தனர். வியன்னாவில் மாதந்தவறாது பேச்சு, புகாரிற் பேசாமை. கண்ணகியின் பொய்ந்நகையும் அந்துவானெத்தின் பொய்க்கடிதமும் எனக்கு ஒன்றுபோலவே தோன்றுகின்றன.

மீண்டும் வெர்சேலுக்கு வருவோம். 1777-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் ஜோசப் பாரிஸ் வந்து சேர்ந்தார். அவர் அப்பொழுது சக்கரவர்த்திப் பட்டமுடையவர். எனினும் பால்கன்ஸ்டைன் பிரபு என்று மாற்றுப்பெயர் பூண்டு, ஆரவாரமின்றி வந்தார். தங்கை தன் அரண்மனையிலேயே தங்குமாறு வேண்டியும் மறுத்து வெளியே விடுதியிற் றங்கினார். சம்பந்தி வீட்டிற் கைநனைக்கவும் தயங்கும் நம் பழைய பெரியவர்களின் நினைவு எனக்கு இவ்விடத்தில் வந்தது. ஏறத்தாழ ஆறு வாரம் அவ்வூரில் இருந்தார்.

அவரது இயல்பு மென்மையானதன்று, நா முள்ளுடையது. இல்லற இன்பம் கண்டவருமல்லர். அன்பிற்குரிய முதல் மனைவி இசபெல்லா மணந்த மூன்றாண்டில் 1763-இல் மாண்டாள். வாரிசு வேண்டுமென்று தாய் வற்புறுத்த, மனமின்றி 1765-இல் இரண்டாம் மணம் நிகழ்ந்தது. அவளிடம் அவர் அன்பு காட்டவில்லை. இரண்டாண்டில் அவளும் வைசூரியால் மடிந்தாள். பெற்றோர் வற்புறுத்தலின் பயனைத் தம் வாழ்விலேயே கண்ட அவர், தங்கையின் இல்வாழ்வைத் தாமே நேரிற் காண வந்தார்.

வந்தவர் தங்கையோடு தனியே உலாவிப் பேசினார். அதனோடமையாது தங்கையின் கணவரோடும் தனியே அமர்ந்து பேசினார். ஏழாண்டாக வியன்னாவிலிருந்து வந்த அறிவுரை யாவும் மகளுக்கே. மருமகனிடம் ஒரு சொல்லும் இங்ஙனம் சென்றதில்லை. லூயி மன்னர் கூச்சமுடையவர், பேச்சிற் றயங்குபவர், வேட்டையிலும் பூட்டுத்தொழிலிலும் காலங்கழிப்பவர். அவரிடம் ஜோசப், ஆடவன் ஆடவனிடம் கேட்குமாறு, மறையாது வினவினார். மன்னரும் மறையாது விடையிறுத்தார், அறிவுரையும் கேட்டார். இருவரும் ஒன்றும் அறியாதவராகவே மணவாழ்வில் விடப்பட்டிருந்தனர் என்பது ஜோசப்புக்குப் புலனாயிற்று. தம்பி லியோபோல்டுக்கு அவர் எழுதிய கடிதம் இதனைத் தெளிவாகக் கூறும். மன்னருக்கு உடற்குறையிருந்து சத்திரசிகிச்சை நடந்ததென்று நெடுங்காலம் நூல்களில் எழுதிவந்தனர். அதற்குச் சான்று போதாதென்பதே இக்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் கருத்து.

ஜோசப் மே மாத இறுதியில் ஊர் திரும்பினார். ஆகஸ்டு 30-ஆம் நாள் மகள் தாய்க்கு எழுதிய கடிதத்தில், தன் வாழ்வின் முதன்மையான மகிழ்ச்சியைத் தான் எய்திவிட்டதாகத் தெரிவித்தாள். கணவனும் மனைவியும் தமக்கு நன்றி கூறி எழுதியிருப்பதாக ஜோசப் பின்னர்த் தம்பிக்கு எழுதினார். 1778-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் நாள் ஒரு பெண்மகவு பிறந்தது; பாட்டியின் பெயரையே அதற்கு இட்டனர்.

இதனை மட்டும் எழுதி நிறுத்தினால் ஜோசப் ஏதோ மந்திரக்கோல் உடையவர்போலத் தோன்றும். அஃது உண்மையன்று. புறப்படுமுன் அவர் தங்கைக்கு நீண்ட கண்டனத் தாளொன்றும் எழுதிவைத்தார். சூது, ஊதாரித்தனம், கணவனிடம் அலட்சியம் என்று அவள் குற்றங்களையெல்லாம் நிரல்படத் தொகுத்து வினாக்களாக அடுக்கியிருந்தார். தங்கை அழுதாள், சில வாரம் அடங்கியிருந்தாள், பின்னர்ச் சூதாட்டம் பழையபடியே தொடங்கிற்று. அதே தமையன், அதே ஆறு வாரம். கேட்டறிந்த காரியம் கைகூடிற்று. எழுதிக் கடிந்த காரியம் தாயின் கடிதங்கள் சென்ற வழியே சென்றது.

அஃதன்றியும் பழைய கலப்பு ஒழிந்தபாடில்லை. 1777-ஆம் ஆண்டின் இறுதியிற் பவேரியாக் கோமகன் மகவின்றி இறக்க, அந்நாட்டின்மேல் ஜோசப் உரிமை கொண்டாடினார். 1778-இற் பிரஷ்யாவோடு போர் மூண்டது. கணவனை நெருக்கிப் பிரெஞ்சு உதவி வாங்கித்தருமாறு கருவுற்றிருந்த மகளுக்குக் கடிதத்தின்மேற் கடிதம் வந்தது. மகள் கணவனிடம் மன்றாடினாள், மந்திரிமாரோடு பூசலிட்டாள். மன்னரோ அப்போரிற் கலவாது நின்றார். இத்தனைக்கும் மேரியா தெரேசா அப்போரை உளமார விரும்பியவருமல்லர். மகனறியாது பகைவரோடு சமாதானம் பேசியவர். 1779-இல் டெஷன் உடன்படிக்கையாற் போர் முடிந்தது. ஆனால் இராணி பிறந்தகத்துக்காகவே கணவனை ஆட்டுவிக்கின்றாள் என்னும் பழி பிரெஞ்சு மக்களிடை நிலைத்தது. ‘அந்த ஆஸ்திரியக்காரி’ என்னும் வசைப்பெயர் அவளைக் கடைசிவரை விட்டதில்லை.

1780-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் மேரியா தெரேசா மகாராணி இவ்வுலகை நீத்தார். மகளுக்கு ஆண்மகவு பிறந்தது 1781-ஆம் ஆண்டு அக்டோபரில். பத்தாண்டு தாய் எதிர்நோக்கிய செய்தி அவரது மறைவுக்கு ஓராண்டு பிந்தி வந்தது. அதன்பின் இல்வாழ்வில் அமைதி வளர்ந்தது. இராணி மக்களிடம் பேரன்புடையவளாய் ஆடம்பரங்களைப் பெரிதும் குறைத்தாள். புரட்சி வந்தகாலத்துத் தனியே தப்பிச்செல்ல இடமிருந்தும் கணவனைப் பிரியேனென்று உடனிருந்தாள். ‘பாவம் மனிதர்’ என்று எழுதியவளும் அவளே. 1793-ஆம் ஆண்டு ஜனவரியிற் கணவனும், அக்டோபர் 16-ஆம் நாள் அவளும் கொலைக்களத்தில் மாண்டனர்.

மெர்சி மறு ஆண்டில் இலண்டனில் இறந்தார். அவர் எழுதிய மறைமுகக் கடிதங்கள் வியன்னா ஆவணக் காப்பகத்தில் உறங்கிக்கிடந்து, 1874-ஆம் ஆண்டில் மூன்று பெருந்தொகுதிகளாக அச்சேறின. இராணி தன் பணிப்பெண்ணோடு பேசியதும், இரவில் எப்பொழுது உறங்கினாள் என்பதும் இன்று நூல்நிலையத்தில் எவரும் எடுத்துப் படிக்கலாம். அவள் ஒருத்தி மட்டுமே அதனை அறியாது போயினாள்.

இக்கதையின் சுருக்கத்தை அன்பரிடம் கூறி, “ஐயா, அந்த அம்மாளிடம் பேசுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். மகளிடம் முன்னரே சொல்லிவிட்டுப் போங்கள். மருமகப்பிள்ளையையும் தனியே அழைத்து, குற்றஞ்சாட்டாமல், எப்படியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லுவதையும் கேட்டுவிட்டு வாருங்கள். அடியோ உயிருக்கச்சமோ இருக்கிறதென்று கண்டால் அப்போது யோசனை வேண்டாம், கையோடு மகளை அழைத்து வந்துவிடுங்கள்” என்றேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “மருமகனிடம் நான் கலியாணத்துக்குப் பிறகு தனியாக ஒரு நாளும் பேசினதே இல்லை, வாத்தியாரையா” என்றார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை புறப்படுவதாக நேற்று எனக்குச் சொல்லியனுப்பினார். இரண்டு நாட்களுக்குமேல் தங்கப்போவதில்லையாம். விடுதியிலே அறையும் பார்த்துவிட்டாராம்.